விழாத சைக்கிள்

சைக்கிளே ஓட்டத் தெரியாத பேரூராட்சித் தலைவர் குலசேகரன், சைக்கிள் பேரணிக்குத் தலைமை தாங்குவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். அப்பாவின் துருப்பிடித்த வண்டியை மெக்கானிக் ஆரோக்கியமேரியிடம் தள்ளிக்கொண்டு வந்தார்.

“இதைப் புதுசாக்கு. எப்படி மிதிச்சாலும் விழக்கூடாது. மூணாவது சக்கரமும் வைக்காதே. நான் விழுந்தா, பேரூராட்சி இடத்துல உன் கடை இருக்காது!”

“விழாது தலைவரே.”

பேரணி நாளான ஞாயிற்றுக்கிழமை வண்டி மேடையில் பளபளத்தது. பின்சக்கரத்தைத் தரைக்கு மேலே தூக்கி நிறுத்தும் அகலமான ஸ்டாண்டு, டைனமோ, பெரிய விளக்கு. குத்துவிளக்குக்குப் பதிலாக இந்த விளக்கை மிதித்து ஏற்றிவைக்கச் சொன்னாள் மேரி. தலைவர் ஏறி மிதித்தார். விளக்கு எரிந்தது, கூட்டம் கைதட்டியது. அவர் மீசையைத் தடவிக்கொண்டு இன்னும் வேகமாக மிதித்தார்.

மேரி மைக்கை அவர் வாயருகே நீட்டினாள். “பேரணி கிளம்பலாமா தலைவரே? ஸ்டாண்டை எடுத்துடட்டுமா?”

“ஐயோ தாயே! கடையை நீயே வச்சுக்கோ, ஸ்டாண்டைத் தொடாதே!” என்றது ஒலிபெருக்கி, ஊர் முழுக்க.