அண்ணன் கிட்டார், தம்பி கிட்டார்

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற ரகம். ஆனால் அதை இப்போதே எடுத்து நீட்டிவிட முடியாது. முதலில் ஒரு கிட்டார் உடைய வேண்டும், ஒரு கல்யாணப் பேச்சு நடக்க வேண்டும், நாலு பேர் பஸ் ஏறித் தூத்துக்குடி போக வேண்டும். அதுவரை முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாலு பேரும் அப்படித்தான் வைத்திருந்தார்கள்.

நாலு பேரும் சேர்ந்ததுதான் சவேரியார்விளை விண்மீன் மெல்லிசைக் குழு. தலைவன், கிட்டார், வேன் வாடகை மூன்றும் ஞானப்பிரகாசத்தின் பொறுப்பு. சுருக்கமாக ஞானம். கீபோர்டு சாலமோன். ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் மாதிரியேதான் பேசுவான். "குடத்தில் தண்ணீர் தீர்ந்துவிட்டது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்" என்பான், வீட்டிலும். டிரம்ஸ் ராயப்பன். எதைச் சொன்னாலும் கடைசியில் "அதான் நியாயம்" என்று ஒரு தட்டுத் தட்டி முடிப்பான். பாட்டு வியாகப்பன். அவனுக்குக் கடைசி எழுத்தை விட மனசு வராது. "டீ வந்துருச்சேஏஏ" என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும்.

ஞானத்தின் பழைய கிட்டார் உடைந்தது இப்படித்தான். வேனிலிருந்து சாமான் இறக்கும்போது, "ஏலே ராயப்பா, கிட்டாரைக் கொஞ்சம் பார்த்துக்கோ" என்று தரையில் வைத்துவிட்டு ஞானம் சோடா குடிக்கப் போனான். வேன் பின்னால் வந்தது.

"நீ பார்த்துக்கலையாலே?"

"பார்த்துட்டேதான்ணே இருந்தேன். வேன் ஏறுற வரைக்கும் பார்த்தேன். ஏறும்போது பார்த்தேன். ஏறுன பிறகு, இந்தா, இப்ப வரைக்கும் பார்த்துட்டு இருக்கேன். அதான் நியாயம்."

வேறு சமயமாக இருந்தால் ஞானம் அழுதிருக்க மாட்டான். ஆனால் மாதா கோயில் திருவிழாக் கச்சேரி வரப்போகிறது. அதைக் கேட்கப் பக்கத்து ஊர் சந்தியாகு வருகிறார், மகள் ஜெசிந்தாவோடு. ஞானத்துக்குப் பெண் கேட்டுப் போனபோது ஜெசிந்தா கதவுக்குப் பின்னாலிருந்து தெளிவாகச் சொல்லிவிட்டாள்: "அப்பா, மூஞ்சி எப்படி இருந்தாலும் பழகிரும். கிட்டார் கேட்கணும். அது பிடிச்சிருந்தா அந்த ஆளைப் பேசி முடிங்க."

சந்தியாகு மகள் சொல்லைத் தட்டாதவர். சொன்னது சொன்னபடி செய்கிறவர். ஆகவே கச்சேரியன்று கிட்டார் கேட்டால் கல்யாணம். கேட்காவிட்டால் ஞானம் இன்னொரு வருஷம் அம்மா கையால் சாப்பிட வேண்டியதுதான்.

நாலு பேரும் பஸ் ஏறி, தூத்துக்குடியில் இசைக்கருவிக் கடை வைத்திருக்கும் பீர் முகமது பாயிடம் போனார்கள். பாய் இரண்டு எலக்ட்ரிக் கிட்டாரை எடுத்து மேசையில் வைத்தார். ஒரே கம்பெனி, ஒரே உருவம். ஒன்று சிவப்பு, சத்தத்தைக் கூட்டிக் குறைக்க மேலே இரண்டு திருகு. இன்னொன்று நாவல்பழ நிறம், மூன்று திருகு.

"இது அண்ணன், இது தம்பி. அண்ணன் மாடல் வந்து ரொம்ப நாளாச்சு. அதையே கொஞ்சம் மாத்தித் தம்பியை விட்டிருக்கான்."

ராயப்பன் இரண்டையும் முட்டியால் தட்டிப் பார்த்தான். "பாய், வயித்துல ஓட்டையே இல்லையே. சத்தம் எது வழியா வரும்?"

"இது முழுக்கட்டை தம்பி. வெறும் கட்டைக்கு வாய் கிடையாது. வயரைச் சொருகுனாத்தான் பேசும். ஆனா பேசுச்சுன்னா, இழுத்து விட்ட சத்தம் நின்னு கேட்கும்."

"ரெண்டுல எது நல்லதுஊஊ?" என்றான் வியாகப்பன்.

பாய் செய்த ஒரே தப்பு, அந்தக் கேள்விக்கு நல்ல மனசோடு பதில் சொன்னது. "நான் சொல்லக்கூடாது. ரெண்டையும் கொண்டு போங்க. வாசிச்சுப் பாருங்க. பிடிக்காததைக் கச்சேரிக்கு முன்னாடி திருப்பிக் குடுங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லுதேன், ஒப்பிட்டுப் பார்க்கணும்னா ரெண்டையும் சமமா நடத்தணும். ஒண்ணுக்கு என்ன செய்யுறீங்களோ அதையே மத்ததுக்கும் செய்யணும். இல்லாட்டி வித்தியாசம் தெரியாது."

"கேட்டியாலே?" என்றான் ஞானம்.

"கேட்டேன்ணே. அதான் நியாயம்" என்றான் ராயப்பன். அந்த நிமிஷத்திலிருந்து ராயப்பனே அந்த நியாயத்துக்குக் காவல்.

ஊருக்கு வந்ததும் ஞானம் அண்ணன் கிட்டாருக்குச் சுருதி கூட்டினான். கல்யாண நினைப்பில் கொஞ்சம் கூடுதலாக முறுக்கிவிட்டான். ஒரு கம்பி பட்டென்று அறுந்தது.

எல்லாரும் தம்பி கிட்டாரைப் பார்த்தார்கள்.

"குறடு கொண்டு வரட்டுமாஆஆ?"

"கூடாது" என்றான் சாலமோன். "அண்ணனுடைய கம்பி தானாக அறுந்தது. தம்பியினுடையதை நாம் வெட்டினால் அது வேறு வகைச் சம்பவமாகக் கருதப்படும்."

ஆகவே தம்பியின் கம்பியைத் தானாக அறுகிற வரைக்கும் முறுக்கினார்கள். அது நல்ல கம்பி. அறுந்துபோகாமல் மல்லுக்கட்டியது. பக்கத்துத் திருகில் ராயப்பனின் கை பட்டு, வேறொரு கம்பி அறுந்தது. இப்போது அண்ணனுக்கு அந்தக் கம்பி அறுந்தாக வேண்டும். அதை அறுக்கப் போனதில் இன்னொன்று போனது. கடைசியில் இரண்டு கிட்டாரிலும் ஒரு கம்பிகூட இல்லாமல் ஆனபோதுதான் ராயப்பன் வியர்வையைத் துடைத்தான்.

"இப்பச் சமம்ணே."

சிரிப்பு வருகிறது என்றால் கொஞ்சம் அடக்குங்கள். இது அந்தச் சிரிப்பு இல்லை.

மறுநாள் புதுக் கம்பி வாங்கி வந்து மாட்டினார்கள். வியாகப்பன் டீயோடு வந்து, "எல்லாரும் எடுத்துக்கோங்கோஓஓ" என்று நீட்டினான். அந்த ஓ முடிவதற்குள் டம்ளர் சரிந்து டீ தம்பியின் மேல் கொட்டிவிட்டது. ஞானம் பெருமூச்சு விட்டுத் தன் டீயை எடுத்து அண்ணன்மேல் ஊற்றினான்.

ராயப்பன் ஞானத்தின் கையைப் பிடித்துக்கொண்டான். "என்னண்ணே அநியாயம் பண்ணுதீங்க! அவன் டீ சக்கரை போட்டது. உங்க டீ சக்கரை இல்லாதது."

"ஊத்தியாச்சேலே. இப்ப என்ன செய்ய?"

நெடுநேரம் யோசித்தார்கள். தம்பிக்குச் சக்கரை இல்லாத டீ ஒன்றும், அண்ணனுக்குச் சக்கரை போட்ட டீ ஒன்றும் வாங்கி ஊற்றினால் கணக்கு நேராகும் என்று சாலமோன் அறிவித்தான். ஊற்றினார்கள். நேரானது. எறும்புகளும் இரண்டு பக்கமும் சமமாகவே வந்தன.

அதன்பிறகுதான் வாசித்துப் பார்க்கிற யோசனையே வந்தது. ஞானத்துக்கு அண்ணன் மேல் ஒரு சாய்வு. அதைச் சாலமோன் கண்டுபிடித்துவிட்டான்.

"தாங்கள் சிவப்பு நிறத்தைக் கண்டு மயங்குகிறீர்கள் அண்ணே. கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்பதே முறை."

"சரி, உங்க மூணு பேர் கண்ணையும் கட்டுங்க. நான் வாசிக்கேன்."

"வாசிக்கிறவர் கண் திறந்திருந்தால், பிடித்ததை நன்றாக வாசித்துவிட வாய்ப்புண்டு."

ஞானத்தின் கண்ணையும் கட்டினார்கள். கிட்டாரை மாற்றிக் கொடுக்க வேண்டியவன் ராயப்பன். அவன் மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது எப்படி நியாயமாகும்? அவனே தன் கண்ணைக் கட்டிக்கொண்டான்.

ஞானம் வாசித்தான். "அடுத்தது" என்றான். இருட்டில் கைகள் துழாவின. ஒரு கிட்டார் போனது, ஒரு கிட்டார் வந்தது. ஞானம் மறுபடி வாசித்தான்.

"முதல்ல வந்தது கொஞ்சம் கரகரப்பு" என்றான் ராயப்பன். "ரெண்டாவது நல்லெண்ணெய் ஊத்துன மாதிரி."

"ரெண்டாவதுதான் என் குரலுக்குச் சேரும்ம்ம்."

"இரண்டாவதற்கே எனது வாக்கும்" என்றான் சாலமோன்.

ஞானத்துக்கும் அப்படியேதான் பட்டது. கண்கட்டை அவிழ்த்தார்கள். கையில் இருந்தது அண்ணன். தம்பி, உறைக்குள்ளே, ஜிப்பு திறக்காமல், மூலையில் சாய்ந்திருந்தது.

பிறகு சாலமோன் தொண்டையைச் செருமினான். "அண்ணனை விட அண்ணன் சற்று மேலானது என முடிவாகிறது."

"ஒரே கிட்டாருக்குள்ளேயே வித்தியாசம் கண்டுபிடிச்சிருக்கோம்லே!" என்றான் ஞானம். அவனுக்குத் தன் குழுவின் காதுகளை நினைத்துக் கண் கலங்கியது.

ஆனாலும் நிறத்தின் தொல்லை தீரவில்லை. கோயில் கேட்டுக்கு அடித்த அலுமினியப் பெயிண்ட் மிச்சம் இருந்தது. இரண்டுக்கும் அடித்தார்கள். தம்பிக்கு ஒரு திருகு அதிகம் என்று ராயப்பனுக்கு உறுத்தலாகவே இருந்தது. அதைப் பிடுங்கிவிட்டு அந்த ஓட்டையில் மெழுகு வைத்து அடைத்து, அதன்மேலும் பெயிண்ட் அடித்தான். காய்ந்ததும் தள்ளி நின்று பார்த்தார்கள். இரண்டும் புதுச் சருவச்சட்டி மாதிரி பளபளத்தன. எறும்புகூடச் சமம்.

"சரி, அண்ணனை வெச்சுக்குவோம். தம்பியைத் திருப்பிக் குடுத்துட்டு வாங்க" என்றான் ஞானம்.

அப்போதுதான் எது அண்ணன் என்ற கேள்வி வந்தது.

"கூப்பிட்டுப் பார்க்கலாமாஆஆ?" என்றான் வியாகப்பன். அவனை யாரும் கண்டுகொள்ளவில்லை.

கச்சேரியன்று காலையில் பாயிடமே கேட்டுவிடுவதென்று இரண்டையும் தூக்கிக்கொண்டு போனார்கள். பாய் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றி மேசைமேல் வைத்துவிட்டார்.

"பாய், இதுல எது அண்ணன்னு சொன்னீங்கன்னா, தம்பியை உங்ககிட்டயே விட்டுட்டுப் போயிருவோம்."

பாய் ஒரு கிட்டாரின் மேலே போய்க்கொண்டிருந்த எறும்பு வரிசையைக் கடைசி எறும்பு வரை பார்த்தார். "ரெண்டும் உங்க கூடவே இருக்கட்டும் தம்பி" என்றார் மெதுவாக. "பாவம், ஒரே வீட்டுல வளர்ந்த பிள்ளைங்க. காசைப் பத்தி என் கோபம் ஆறுன பிறகு பேசுவோம்."

சாயங்காலம் மேடை. முன்வரிசையில் சந்தியாகு, அவருக்கு அந்தப் பக்கம் ஜெசிந்தா. ஞானம் ஒரு வெள்ளிக் கிட்டாரை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு சபைக்குக் கும்பிடு போட்டான். இன்னொன்று பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. இருந்தது ஒரே ஒரு வயர்.

ராயப்பன் அந்த வயரைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். ஒன்றுக்குத் தோளில் இடம் கிடைத்துவிட்டது. மற்றதுக்கு?

"அண்ணே, ரெண்டுக்கும் சமமாப் பங்கு வெச்சுட்டேன்" என்றான், நாற்காலியில் இருந்ததற்கு வயரைச் சொருகிவிட்டு.

"நல்லதுலே" என்றான் ஞானம், ஜெசிந்தா இருந்த திசையிலிருந்து கண்ணை எடுக்காமல். பிறகு சாலமோனிடம் குனிந்தான். "பெயிண்ட் அடிச்சதுல திருகெல்லாம் இறுகிக் கிடக்கு. நான் சுருதி கூட்டி முடிக்கிற வரைக்கும் கிட்டார் பாகத்தையும் நீயே பெட்டியில வாசி. நான் நிறுத்துன்னு சொன்னா நிறுத்து."

"அவ்வாறே ஆகட்டும்" என்றான் சாலமோன். அவன் கீபோர்டில் பல சத்தம் உண்டு. கிட்டார் சத்தத்தை வைத்து வாசிக்கத் தொடங்கினான்.

கச்சேரி அமர்க்களம். ஞானம் சுருதி கூட்டி முடித்து வாசித்தான். குனிந்து வாசித்தான், நிமிர்ந்து வாசித்தான், ஒரு பாட்டுக்கு முட்டி போட்டும் வாசித்தான். கண்ணை மூடினால் கிட்டார் தானாகவே வாசிப்பது போல இருந்தது. இப்படி ஒரு சத்தம் தன் கையிலிருந்து வரும் என்று அவனே எதிர்பார்க்கவில்லை.

எல்லாம் முடிந்து, நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருக்கும்போது சந்தியாகு மேடைக்கு ஏறி வந்தார்.

"தம்பி, ஜெசிந்தாவுக்குக் கிட்டார் ரொம்பப் பிடிச்சுப்போச்சாம்."

ஞானத்துக்குக் காதோரம் சூடேறியது. "ரொம்பச் சந்தோசம் மாமா."

"ஒரே ஒரு சந்தேகம். நடுவுல ஒரு பாட்டுல நீங்க சோடா குடிச்சீங்க. ரெண்டு கையாலயும் பாட்டிலைப் பிடிச்சிருந்தீங்க. அப்பவும் கிட்டார் கேட்டுதே?"

"முழுக்கட்டை மாமா. ஓட்டை கிடையாது. இழுத்து விட்ட சத்தம் போக வழியில்லாம அங்கேயே நிக்கும்." ஞானம் கிட்டாரைத் தோளிலிருந்து கழற்றி, உறைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினான். கிட்டார் சத்தம் இனிமையாக வந்துகொண்டே இருந்தது. "பாருங்க, இன்னும் நிக்குது!"

சந்தியாகு அந்த உறையைப் பார்த்தார். மேடையின் அந்தக் கோடியைப் பார்த்தார். அவருக்கு ஏதோ பிடிபட்ட மாதிரி இருந்தது.

"அந்தப் பெட்டி வாசிக்கிற தம்பி யாரு?"

"சாலமோன் மாமா. தங்கமான பையன்."

"கல்யாணம் ஆயிட்டா?"

"எங்க மாமா! பொண்ணு தேடிட்டே இருக்காங்க."

"பழக்கவழக்கம்?"

"டீயைத் தவிர ஒண்ணும் கிடையாது. சொன்ன பேச்சு மாற மாட்டான். ஒண்ணைச் செய்னு சொன்னா, போதும்னு சொல்ற வரைக்கும் செய்வான். சொந்த வீடு. ஒரே பிள்ளை. கண்ணை மூடிட்டுப் பொண்ணு குடுக்கலாம் மாமா, நான் பொறுப்பு."

"இப்படிச் சொல்ல ஒரு மனசு வேணும் தம்பி" என்று சந்தியாகு ஞானத்தின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மகளை வரச் சொல்லிக் கையசைத்துவிட்டு, நேராகச் சாலமோனிடம் போனார். சாலமோன் எழுந்து நின்று ஒரு கையால் கும்பிட்டான். இன்னொரு கை கீபோர்டை விடவில்லை. ஜெசிந்தா பக்கத்தில் போய் நின்று, அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞானம் பெருமிதமாகச் சிரித்துக்கொண்டே வயரைச் சுருட்டக் குனிந்தான். இழுத்தான். நாற்காலியில் இருந்த வெள்ளிக் கிட்டார் வயரோடு சேர்ந்து வந்தது. அதைப் பார்த்தான். ஜிப்பு மூடிய உறையைப் பார்த்தான். இனிமையாக வந்துகொண்டிருந்த சத்தத்தைக் கேட்டான். பிறகு, மிக மெதுவாக, சாலமோனின் விரல்களைப் பார்த்தான்.

"ஏலே சாலமோன்! நிறுத்துலே!"

கிட்டார் நின்றது.