ராஜாவுக்கு எதிர்ப்பக்கம்

நாடு என்று இருந்தால் ராஜா இருப்பார். ஆறு என்று இருந்தால் பரிசல்காரன் இருப்பான். ராஜா பின்னால் வருவார், முதலில் பரிசல்காரன். பேர் காளத்தி. குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

பரிசல் வட்டமானது. முன் கிடையாது, பின் கிடையாது. கனத்த ஆள் ஒரு பக்கம் உட்கார்ந்தால் எதிர்ப்பக்கமும் அதே கனம் வேண்டும். இல்லையென்றால் கவிழும். காளத்தி அதில் கெட்டிக்காரன். ஆளை ஏற இறங்க ஒரு முறை பார்த்தால் எடை தெரிந்துவிடும்.

வாய்தான் கோளாறு.

எண்ணெய் விற்கிற அலங்காரம் பருத்த உடம்புக்காரி. "ஏ நெற்குதிரு, இந்தப் பக்கம் வா" என்பான். குயவன் செம்பான் மெலிந்தவன். "ஏலே ஈர்க்குச்சி, நீ எங்கே உட்கார்ந்தாலும் ஒன்றுதான்" என்பான். வைத்தியர் நல்லப்பர் குள்ளம். "வாரும் அரைப்படி, நடுவில் நில்லும், யாருக்கும் மறைக்காது" என்பான். பரிசலே சிரிக்கும். தன் பேர் வந்ததும் அவரவர் ஆற்றைப் பார்ப்பார்கள்.

செம்பான் இடுப்பில் நான்கு வேட்டி சுற்றிக்கொண்டு வந்தான். வைத்தியர் குடுமியை உச்சியில் கோபுரமாக முடிந்தார். அலங்காரம் பரிசல் ஏறுவதையே விட்டாள். அக்கரையில் மகள் பிள்ளை பெற்றிருந்தாள். பேரனைப் பார்க்க, தண்ணீர் முழங்காலளவு ஓடும் இடம் வரை நடந்தே போய்க் கடந்து வந்தாள்.

"விளையாட்டுக்குச் சொன்னால் கோபமா? நான் சொன்னதில் பொய் என்ன?" என்றான் காளத்தி.

ஒரு நாள் அக்கரையில் அம்மன் தேர். ராஜா வடம் தொட்டால்தான் தேர் நகரும். ஆற்றில் அன்று வெள்ளம். நடந்து கடக்கும் இடமும் முழுகிவிட்டது. அலங்காரம் எண்ணெய்க் குடத்தோடு கரையில் விழித்துக்கொண்டு நின்றாள், பக்கத்தில் செம்பான்.

மந்திரி காளத்தியைத் தனியே கூப்பிட்டார். "மகாராஜாவின் பட்டு நனைந்தால் இந்தப் பரிசல் துறை உனக்கில்லை. கீழ்க்கரைப் பரிசல்காரன் அதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறான்."

ராஜா வந்தார். அலங்காரமும் செம்பானும் சேர்ந்தால் ஒரு ராஜா. அவ்வளவு கனம்.

ராஜா ஏறி உட்கார்ந்தார். அவருக்கு எதிரே சமமாக உட்காருவது மரியாதை இல்லையென்று மந்திரியும் சேவகர்களும் அவர் பக்கத்திலேயே நெருக்கிக்கொண்டார்கள். பரிசல் சாய்ந்தது.

காளத்தி வாயைத் திறந்தான். ஒரு பேர் வந்தது, முழுங்கினான். "மகாராஜா, காற்றடிக்கிறது" என்றான்.

இன்னும் சாய்ந்தது. இன்னொரு பேர் வந்தது, முழுங்கினான். "மகாராஜா, வெயிலடிக்கிறது" என்றான்.

விளிம்பில் தண்ணீர் எட்டிப் பார்த்தது. மூன்றாவது பேரும் வந்தது. முழுங்கினான். சொல்ல வேறு ஒன்றும் இல்லை. இத்தனை வருஷத்தில் உடம்பைச் சொல்ல அவன் வேறு வார்த்தையே பழகவில்லை.

கரையிலிருந்து அலங்காரம் கும்பிட்டாள். "மகாராஜா, உங்கள் கனத்துக்கு எதிரே கனம் வேண்டும். நான் ஒருத்தி போதாது. செம்பானும் வந்தால் சரியாக இருக்கும். உட்காரலாமா?"

"ராஜாவுக்கு எதிரேயா?" என்றார் மந்திரி.

"உமக்கு நீந்தத் தெரியுமா?" என்று கேட்டார் ராஜா.

"தெரியாது."

"அப்படியானால் சும்மா இரும்."

மந்திரியும் சேவகர்களும் நடுவுக்கு நகர, இருவரும் எதிர்ப்பக்கம் ஏறினார்கள். பரிசல் தட்டுப் போல நேரானது. நடு ஆற்றில் ராஜா காளத்தியைக் கேட்டார்: "இவ்வளவுதானே விஷயம். இதைச் சொல்ல உனக்கு ஏன் வியர்த்தது?"

"அவனுக்குப் பட்டப்பேர்தான் வரும், மகாராஜா" என்றான் செம்பான். "இந்த அம்மா நெற்குதிரு. நான் ஈர்க்குச்சி."

"ஓகோ. எனக்கு என்ன பேர்?"

காளத்தியின் துடுப்பு நின்றது. பரிசல் சுற்ற ஆரம்பித்தது. ஒரு சுற்று வந்ததும் "என்ன பேர்?" என்றார் ராஜா. இரண்டாம் சுற்றிலும் கேட்டார். மூன்றாம் சுற்றில் மந்திரிக்கு வாந்தி வந்தது.

"மூன்று பட்டப்பேர் வந்தது, மகாராஜா. தொண்டையோடு நின்றுவிட்டது."

"ஏன்?"

"தலை போய்விடுமே."

"இந்த அம்மாவிடம் மட்டும் எப்படி வந்தது?"

"இவளால் என்னை என்ன செய்ய முடியும் என்று..." பாதியில் நிறுத்தினான். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்துவிட்டது. இதுவரை அதை விளையாட்டு என்றுதான் நினைத்திருந்தான்.

"என்னால் நடக்க முடிந்தது. மூன்று மாதம் நடந்தேன்" என்றாள் அலங்காரம்.

ராஜா தன் பட்டைத் தொட்டுப் பார்த்தார். "பட்டு நனையவில்லை. மந்திரி என்ன சொல்லியிருந்தாலும் துறை உன்னுடையது. அந்த மூன்று பட்டப்பேரும் எனக்குத் தெரிய வேண்டாம். இனி யாருக்கும் தெரிய வேண்டாம். துடுப்பைப் போடு, மந்திரி பாவம்."

அக்கரையில் காளத்தி எண்ணெய்க் குடத்தை இறக்கிக் கொடுத்தான். "அம்மா, திரும்பும்போது பரிசலிலேயே வாருங்கள்."

"உன் வாயைக் கேட்டுவிட்டு ஏறுகிறேன்" என்று சொல்லிவிட்டு அவள் பேரனைப் பார்க்கப் போனாள்.

கதை அவ்வளவுதான். ராஜாவின் உடம்பைப் பார்த்துச் சொல்லத் துணியாத சொல்லை வேறு எவர் உடம்பைப் பார்த்தும் சொல்லக் கூடாது.