தேக்கிலைத் தளபதி

ஒரு காட்டில் பறவைகளுக்கும் குரங்குகளுக்கும் ஓயாத சண்டை. முட்டையைக் கண்டால் குரங்குகள் விடாது. அதனால் பறவைகளெல்லாம் அடர்ந்த புதருக்கு நடுவே ஓர் ஆலமரத்தில் ஒளிந்து வாழ்ந்தன. அந்த மரம் இருக்கும் இடம் மட்டும் குரங்குகளுக்குத் தெரியாது.

பறவைப் படைக்குத் தளபதி கரிச்சான் குருவி. தினமும் விடிந்ததும் குரங்குகளின் தலைக்கு மேலே பறந்து வேவு பார்க்கும். பிறகு சுற்று வழியில் வீடு திரும்பும். அதன் கூட்டிலும் மூன்று முட்டைகள் இருந்தன. குஞ்சு பொரிக்க இன்னும் நாலே நாள்தான்.

அந்தச் சமயத்தில் மயில் ராஜா தோகையை நீவிக்கொண்டே, "கரிச்சான், இனி நீ பறக்க வேண்டாம். பறவையே இல்லாத பறவை ஒன்று வந்திருக்கிறது" என்றது.

தையல்சிட்டு நான்கு தேக்கிலைகளைச் சேர்த்துத் தைத்து, நீளமான கற்றாழை நாரில் கட்டிக் கொண்டுவந்தது. காற்று அடித்ததும் அது ஜம்மென்று மேலே ஏறியது.

"பார்த்தாயா! இதற்கு இரை வேண்டாம், லீவு வேண்டாம், எதிர்த்துப் பேசாது. நான் இங்கே உட்கார்ந்தபடியே போர் செய்வேன்!" என்ற மயில், நாரின் முனையைத் தன் காலிலேயே கட்டிக்கொண்டது.

"அது பார்த்ததை யார் வந்து சொல்லுவார்கள் ராஜா?" என்று கேட்டது கரிச்சான்.

"பார்க்கிறதே பெரிய விஷயம். சொல்ல வேறு வேண்டுமா?"

அன்று முதல் தேக்கிலைதான் தளபதி. அதன் மேல் விழும் எச்சத்தைத் துடைப்பது கரிச்சானின் வேலை.

மறுநாள் உச்சிவெயிலில் நார் வெடவெடவென்று ஆடியது.

"எதிரி மாட்டிக்கொண்டான்! எல்லோரும் இழுங்கள்!" என்று மயில் குதித்தது. பறவைகள் கூடி இழுத்தன.

கரிச்சான் மட்டும் இழுக்கவில்லை. நார் போகும் வழியே பறந்து பார்த்தது. அங்கே குரங்குகள், கீழே விழுந்த தேக்கிலையின் நாரைப் பிடித்துக்கொண்டு வரிசையாக வந்துகொண்டிருந்தன!

"வழி தெரியாதவங்களுக்கு வழியும் அனுப்பி, கூடவே இழுத்தும் விடுறாங்கடா. என்ன மரியாதை!" என்றது முன்னால் வந்த குண்டுக் குரங்கு.

கரிச்சான் பறந்தோடி வந்தது. "ராஜா, நாரை அறுங்கள்! குரங்குகள் இங்கேதான் வருகின்றன!"

"தளபதியைக் கைவிடுவதா? மாட்டேன்!" மயிலுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

இதற்கு மேல் பேசிப் பயனில்லை. கரிச்சான் மயிலின் காலருகே நாரை வெடுக்கென்று கடித்து அறுத்தது. அறுந்த முனையைக் கவ்விக்கொண்டு மலைப்பக்கம் பறந்தது. அங்கே பானை அளவு தொங்கிய குளவிக்கூட்டில் அதைச் சுற்றிவிட்டு ஓடி வந்துவிட்டது.

நார் போன பக்கம் குரங்குகளும் போயின. "இந்தத் தடவை நாம இழுப்போம்டா, அதுதான் மரியாதை" என்றது குண்டுக் குரங்கு. இழுத்தன.

சாயங்காலம் வரை ஒரு குரங்கும் ஓடிப்போய்க் குதித்த ஆற்றை விட்டு வெளியே தலை நீட்டவில்லை.

"ஆகா, என் தேக்கிலைத் தளபதி உயிரைக் கொடுத்து ஜெயித்துவிட்டது!" என்று மயில் பெருமையடித்தது.

கரிச்சான் தன் மூன்று முட்டைகளின் மேல் அமர்ந்துகொண்டது. "ஆமாம் ராஜா, அதற்கு ஒரு சிலை வையுங்கள். நாளைக் காலையில் நான் போய் வேவு பார்த்துவிட்டு வருகிறேன். முதலில் உங்கள் காலைப் பாருங்கள்."

மயில் குனிந்து பார்த்தது. முடிச்சு இன்னும் அங்கேயே இருந்தது.

நீதி: ஆளில்லாத படையை எவ்வளவு தூரம் அனுப்பினாலும், நாரின் ஒரு முனை அனுப்பியவர் காலில்தான் இருக்கும்.