ஒரே எண், இரண்டு அலை

"யார் பெட்டி சரி, டீச்சர்? எனக்கு அது தெரிஞ்சாகணும்" என்றார் ஆதிமூலம்.

ரேடியோக்களைச் சரிபார்ப்பதற்கென்று, வேண்டிய அலையைத் தானே உண்டாக்கித் தரும் பழைய வால்வு சிக்னல் ஜெனரேட்டர் ஒன்று அவரிடம் இருந்தது. தம்பி சொரிமுத்துவிடமும் ஒன்று. இரண்டிலும் முள்ளை ஒரே எண்ணில் வைத்தாலும் அலை ஒன்றாக வராது.

சண்டை அதில்தான் தொடங்கியது. 'உன் பெட்டி பொய் சொல்லுது' என்பது போகப்போக 'நீயே பொய்யன்' என்று ஆனது. தம்பி மகள் கல்யாணத்துக்கு ஆதிமூலம் போகவில்லை.

ஜெபராணி டீச்சர் அவரைவிட வயதில் மிக இளையவர். ஆனாலும் பாளையங்கோட்டையில் ரேடியோப் பைத்தியங்களுக்கு அவர் சொன்னால் சொன்னதுதான்.

"பெட்டியை வச்சுட்டுப் போங்க, அண்ணாச்சி. நாளைக்குச் சாயங்காலம் வாங்க."

மறுநாள் வந்தார். மேசைமேல் அவர் பெட்டி. பக்கத்தில் தம்பியின் பெட்டி. இரண்டும் நன்றாகச் சூடேறியிருந்தன. எதிரே ஒரு ரேடியோ.

இரண்டு அலைகளும் சற்று விலகியிருந்தால் ரேடியோ விசிலடிக்கும். அது அவருக்குத் தெரியும்.

விசிலே இல்லை.

"காலையில தம்பி வந்தார்" என்றார் டீச்சர். "அவரோட முள்ளை நகர்த்தி உங்க அலையோட சேர்த்துட்டார்."

ஆதிமூலம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப நான்தான் சரி! கடைசியில ஒத்துக்கிட்டான்ல?"

டீச்சர் தம்பியின் பெட்டியை அணைத்தார். ரேடியோவில் ஏரியலைச் சொருகினார்.

வானொலி நிலையத்தின் நாதஸ்வரம் வந்தது. அதன்மேல் கீச்சென்று ஒரு விசில்.

ஆதிமூலம் தன் பெட்டியைப் பார்த்தார். முள் அந்த நிலையத்தின் எண்ணில்தான் நின்றது.

"என்னோடதும் தப்பா?"

"ரெண்டும் தப்பு. தம்பியோடது கொஞ்சம் கம்மியாத் தப்பு."

அவருக்கு முகம் வாடிப்போனது. சற்று நேரம் விசிலையே கேட்டுக்கொண்டிருந்தார்.

"இது அவனுக்குத் தெரியாதுல்ல?"

"தெரியும். முதல்ல இதைத்தான் காட்டினேன். நிலையத்துக்கே சேர்த்து வச்சிருங்கன்னும் சொன்னேன்."

"பிறகு எதுக்கு என் பக்கம் திருப்பினான்?"

"நானும் கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

டீச்சர் ரேடியோவை அணைத்தார்.

"'எங்கண்ணன் தனியா நிப்பானே, டீச்சர்'னு சொன்னார்."