சாதாவும் ஸ்பெஷலும்

பாலம் கட்டுகிறவர்கள் போட்ட கணக்கை மறுபடி போட்டுப் பார்த்து, சரி என்று கையெழுத்திடுவது செண்பகவல்லியின் வேலை. பாளையங்கோட்டையில் அவளுக்கு ஒரு சிறிய அலுவலகம். அவள் கையெழுத்து விழாமல் அந்தப் பக்கத்து ஆறுகளில் ஒரு தூண்கூட எழும்பாது என்று ஊரில் சொல்வார்கள்.

அவளிடம் தொழில் கற்க வந்தவர்களில் நல்லசிவம் அவளைவிட மூத்தவர். பாலிடெக்னிக்கில் காலமெல்லாம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். அவர் அவளை அம்மா என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். சீடனை அண்ணாச்சி என்று கூப்பிடுகிற குருவைத் திருநெல்வேலிச் சீமையில்தான் பார்க்க முடியும்.

இன்னொரு சிஷ்யை ஜெபக்கனி. அடிக்கடி வந்து செண்பகவல்லியின் மேஜை முன்னால் நிற்பாள்.

"அம்மா, நேத்து நான் போட்டது தப்பு. மாத்திட்டேன்."

"சரி" என்பாள் செண்பகவல்லி. அவ்வளவுதான்.

அதைக் கேட்கும்போதெல்லாம் நல்லசிவத்துக்குப் பல் கூசும். அப்படி ஒரு பேச்சு அவர் வாயிலிருந்து இதுவரை வந்ததே கிடையாது.

இனிமேல் கையெழுத்துப் போடும் பொறுப்பை இரண்டு பேரில் ஒருவருக்குத் தரப்போவதாகச் செண்பகவல்லி சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து நல்லசிவத்துக்குச் சோறு இறங்கவில்லை. மனுஷனுக்கு அந்தக் கையெழுத்தின் மேல் அப்படி ஓர் ஆசை.

அந்தச் சமயம் பார்த்து அலுவலகத்துக்கு ஓர் ஒர்க்ஸ்டேஷன் வந்தது. நாள்கணக்கில் நிற்காமல் ஓடுகிற கனமான கணக்குகளுக்கென்றே செய்த கணினி. ஓட்டிப் பார்த்துவிட்டு, பிடித்தால் வைத்துக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் திருப்பிவிடலாம் என்று கடைக்காரர் இறக்கிவிட்டுப் போயிருந்தார். பக்கத்திலேயே பழைய டெஸ்க்டாப்பும் இருந்தது. டீக்கடைப் பேச்சு வழக்கில் அலுவலகமே அவற்றுக்குப் பெயர் வைத்துவிட்டது. பழையது சாதா, புதியது ஸ்பெஷல்.

"ரெண்டையும் ஒப்பிட்டு எது நல்லதுன்னு சொல்லுங்க அண்ணாச்சி" என்றாள் செண்பகவல்லி.

நல்லசிவம் வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினார். சேரன்மாதேவிப் பக்கம் வரவிருந்த ஒரு பாலத்தின் கணக்கை இரண்டிலும் ஏற்றி ஓடவிட்டார். முடிந்ததும் குருவின் முன்னால் வந்து உட்கார்ந்தார். முகத்தில் கல்யாண வீட்டுக் களை.

"ஸ்பெஷலைத் திருப்பி அனுப்பிருவோம்மா."

"ஏன்?"

"சாதாதான் முதல்ல முடிச்சுது."

"சரி."

"அதுகூடப் பரவால்ல. ஸ்பெஷல் வழியெல்லாம் தப்புப் பண்ணிக்கிட்டே வருது. 'நினைவகத்தில் பிழை, திருத்தப்பட்டது'ன்னு திரையில அதுவே சொல்லுது. ஒரு தடவை இல்ல, பல தடவை."

"சாதா?"

"ஒரு பிழைகூட இல்ல. சுத்தம்."

"விடை ரெண்டுலயும் ஒண்ணா?"

நல்லசிவம் கொஞ்சம் தயங்கினார்.

"நடுத்தூணில மட்டும் வித்தியாசம். பாரம் கம்மின்னு சாதா சொல்லுது, கூடன்னு ஸ்பெஷல் சொல்லுது. தப்புப் பண்ணினேன்னு தானே ஒத்துக்கிட்ட பொட்டிய எப்படிம்மா நம்ப? சாதா சொன்னதையே கட்டுறவங்களுக்கு அனுப்பிருவோம்."

செண்பகவல்லி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள்.

"அதே கணக்கை, ஒண்ணும் மாத்தாம, ரெண்டுலயும் இன்னொரு தடவை ஓட்டுங்க."

"விடை தெரிஞ்ச கணக்கை எதுக்கும்மா மறுபடியும்?"

"சும்மா ஓட்டுங்க அண்ணாச்சி."

குரு சொன்னால் தட்டக்கூடாது. முனகிக்கொண்டே ஓடவிட்டார். முடிய மறுநாள் ஆயிற்று.

இந்தத் தடவையும் சாதாதான் முந்தியது. ஸ்பெஷல் இந்தத் தடவையும் நடுவில் பிழை, திருத்தப்பட்டது என்று சொல்லிச் சொல்லி மெதுவாக வந்து சேர்ந்தது. நடுத்தூணுக்கு அது முன்பு சொன்ன அதே எண்ணைச் சொன்னது.

சாதாவின் திரையைப் பார்த்த நல்லசிவம் அப்படியே நின்றுவிட்டார். நடுத்தூணுக்குப் புதிதாக ஓர் எண் வந்திருந்தது. முதல் தடவை வந்ததும் இல்லை, ஸ்பெஷல் சொன்னதும் இல்லை. அதன் கீழே எப்போதும்போல, பிழை ஏதுமில்லை என்று இருந்தது.

செண்பகவல்லி எழுந்து வந்து அவர் பக்கத்தில் நின்றாள்.

"நேத்து ஒண்ணு சொன்னுச்சு, இன்னைக்கு ஒண்ணு சொல்லுதே" என்றார் நல்லசிவம். "ஆனா பிழையே இல்லங்குதே அம்மா!"

"நினைவுல வெச்சிருக்கிற எண்ணு எப்பவாவது தானாப் புரண்டு போகும். எந்தக் கணினியிலயும் நடக்கும். புரண்டதைக் கண்டுபிடிச்சுத் திருத்த ஸ்பெஷல்ல ஏற்பாடு இருக்கு. சாதாவுல இல்ல."

"நேத்தே அந்த எண்ணை அனுப்பியிருந்தா..."

அவர் முடிக்கவில்லை. அந்தப் பாலத்தின் மேல் பஸ் போகும். பஸ்ஸில் பிள்ளைகள் போவார்கள். வேர்த்த நெற்றியைத் துண்டால் துடைத்துக்கொண்டார். பயந்துதான் போனார் மனுஷன்.

உள்ளறையில் ஜெபக்கனி யாருடனோ போனில் பேசுவது கேட்டது. "இல்ல சார், நான் அனுப்பின படத்துல ஒரு அளவு தப்பு. வேற அனுப்புதேன். அதைக் கிழிச்சுப் போட்டுருங்க."

நல்லசிவத்துக்குச் சுருக்கென்றது. பயம் போன இடம் தெரியவில்லை. அவ்வளவு நாள் நெஞ்சுக்குள் அடைத்து வைத்திருந்தது தொண்டைக்கு வந்துவிட்டது.

"பொட்டி கிடக்கட்டும்மா. நான் வாய்விட்டே கேக்கேன். கையெழுத்து யாருக்கு?"

"நீங்க என்ன நினைக்கீங்க?"

"அந்தப் பிள்ளையைக் குறை சொல்லல. நல்ல பிள்ளைதான். ஆனா தினம் ஒரு தப்புன்னு வந்து நிக்கா. நீங்களே கேக்கீங்க. என்னையும் அவளையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. இங்க வந்த நாள்லருந்து நான் ஒரு தப்புகூடப் பண்ணினதில்லையேம்மா!"

செண்பகவல்லி சாதாவின் மேல் கையை வைத்தாள். ஓடி முடித்த சூடு அதில் இன்னும் இருந்தது.

"இதுவும் அதையேதான் சொல்லுது, அண்ணாச்சி."