சுண்ணாம்புக் குறி

கருங்குன்ற நாடு என்று ஒரு நாடு அந்தக் காலத்தில் இருந்தது. அதை ஆண்டவன் வில்லவராயன். நல்லவன்தான், ஆனால் எடுத்தேன் கவிழ்த்தேன் என்று பேசுகிற வாய். அவனுக்கு மாறநம்பி என்று ஒரு மந்திரி. அந்த மந்திரியைக் கண்டாலே வயிறு எரிகிற அதிகாரி ஒருவரும் இருந்தார், பேர் கடம்பராயர்.

ஆலங்கரடு என்ற ஊரின் மண்ணுக்கடியில் செம்பு இருக்கலாம் என்று யாரோ சொல்ல, தோண்டிப் பார்க்கும் வேலை கடம்பராயர் கைக்குப் போனது. ஆட்கள் போய் ஊரெங்கும் சுண்ணாம்பால் வட்டம் போட்டார்கள். வட்டம் இருக்கும் இடத்தில் இரும்புக் கம்பியை இறக்கி, அடிமண்ணை எடுத்துப் பார்ப்பார்கள். மறுநாள் கம்பியோடு போனால், சில வட்டங்களின் மேல் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை.

ராஜாவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "முறைப்படி முரசு அறைந்து சொன்னோம், மன்னா. திமிர்" என்றார் கடம்பராயர். படையை அனுப்பி ஊரையே காலி செய்துவிடலாம் என்றும் சொல்லிவைத்தார்.

மூன்று நாள் தவணை கேட்டார் மாறநம்பி. ராஜா கொடுத்தான். அதற்குள் ஊர் சம்மதிக்காவிட்டால் படை போகும், மந்திரி முத்திரை மோதிரத்தைக் கழற்றி வைக்க வேண்டும். கடம்பராயருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது.

மாறநம்பி தனியாகப் போனார். முரசு அறைந்தது விதைப்பு நாளின் உச்சிவேளையில் என்று அங்கேதான் தெரிந்தது. ஊரே விதைக்கிற காட்டில் இருந்திருக்கிறது. கேட்டதெல்லாம் ஆடும் கோழியும்தான்.

ஒரு வட்டத்தின் மேல் பூவாயி என்கிற பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் தண்ணீர்க்குடம். மந்திரி பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, இங்கே என்னம்மா இருக்கிறது என்று மெல்லக் கேட்டார். "அதைச் சொல்லப்படாதுங்க சாமி. சொன்னா முழிச்சுக்கும்" என்றாள்.  பிறகு குடத்திலிருந்து ஒரு கை தண்ணீர் எடுத்து மண்ணில் விட்டாள்.

மாறநம்பிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ராணியும் இதையேதான் செய்கிறாள். அரண்மனைத் தோட்டத்துப் பவழமல்லியடியில், விடிந்ததும் ஒரு கை தண்ணீர், பத்து வருஷமாக. பல் முளைக்கும் முன்பே இறந்துபோன பிள்ளையை அந்த நாட்டில் எரிப்பதில்லை, கல் நடுவதில்லை, பேசுவதுமில்லை. புதைத்த இடம் பெற்றவளுக்குத்தான் தெரியும். கடவுளே, இதற்காகவா படை வரப்போகிறது என்று நினைத்தபோது அவருக்குக் கண் கலங்கியது. அன்றே திரும்பினார்.

மூன்றாம் நாள் காலையில் ராஜா குளித்துவிட்டு வந்தால், பவழமல்லியடியில் சுண்ணாம்பு வட்டம். அதன்மேல் ராணி உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டான், அவள் எழுந்திருக்கவில்லை.

"யார் போட்டது இது?"

"நான்தான், மன்னா" என்றார் மாறநம்பி.

"யாரைக் கேட்டுப் போட்டாய்?"

"முறைப்படி முரசு அறைந்தேன். யானைக் கொட்டிலில். தாங்கள் குளித்துக்கொண்டிருந்தீர்கள்."

"யானைக்குச் சொன்னால் அரசருக்குச் சொன்னதாகுமா? இவரைக் கழுவில் ஏற்ற வேண்டும், மன்னா" என்று குதித்தார் கடம்பராயர்.

"விதைப்பு நாளில் ஆட்டுக்குச் சொன்னது ஊருக்குச் சொன்னதானால், இதுவும் ஆகும், ஐயா" என்றார் மந்திரி.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும். ராஜா ராணியைப் பார்த்தான், வட்டத்தைப் பார்த்தான். பத்து வருஷத்துக்கு முன் போன பிள்ளை நினைவுக்கு வந்தது.

"அந்தப் பெண்களும் இப்படித்தானா, மாறநம்பி?"

"எனக்கு யாரும் சொல்லவில்லை, மன்னா. சொல்லவும் மாட்டார்கள். தாங்கள் மன்னிக்க வேண்டும், இந்த இடத்தில் குறி வைத்ததற்கு."

அன்று பொழுது சாய, காட்டு வேலை முடிந்து எல்லாரும் வீடு திரும்பிய பிறகு, ராஜாவே ஆலங்கரட்டுக்குப் போனான். கம்பி மணிக்கட்டுப் பருமன், இரண்டு ஆள் ஆழம் இறங்கும், எடுத்த குழியை அன்றே மூடிவிடுவோம் என்று காட்டிச் சொன்னான். செம்பு இருந்தாலும் உங்களைக் கேட்காமல் ஒரு கூடை மண் எடுக்கமாட்டேன் என்றான். கம்பி படக்கூடாத இடத்தில் ஒரு பூ வைத்தால் போதும், ஏன் என்று எவனும் கேட்கமாட்டான் என்றும் சொன்னான். பூவாயிதான் முதலில் எழுந்து வழிவிட்டாள். மறுநாள் ஊரெங்கும் பூ. ஆட்கள் அதையெல்லாம் சுற்றிக்கொண்டு போய்க் கம்பி இறக்கினார்கள்.

கடம்பராயர் கழுத்தில் முரசு ஏறியது. இனி எந்த ஊரில் மண்ணைத் தொட்டாலும் அவரே போய் அறைய வேண்டும், வீட்டுக்கு ஒருவர் வந்து கேள்வி கேட்டுத் தீரும்வரை அங்கிருந்து நகரக்கூடாது என்று உத்தரவு. மாறநம்பியின் மோதிரம் அவர் விரலிலேயே இருந்தது.

ஊரிலிருந்து திரும்பிய மறுநாள் காலையில் ராஜா ஒரு செம்பில் தண்ணீரோடு தோட்டத்துக்கு வந்தான். பத்து வருஷத்தில் அதுவே முதல் தடவை.  ராணி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து அவனுக்கு இடம் விட்டாள்.