ஆவுடையப்பன் வீட்டு எண்ணெய்ப் பிசுக்கு

தென்காசி ஆவுடையப்பனுக்குத் தெரியாத விஷயமே உலகத்தில் கிடையாது என்று அவருடைய தம்பிகள் இரண்டு பேரும் நம்பினார்கள். ஊரில் வேறு யாரும் நம்பாததால் அந்தப் பொறுப்பு முழுக்க அவர்கள் தலையில் விழுந்தது. பெரிய தம்பி நெல்லையப்பன், சின்னவன் குத்தாலிங்கம்.

குத்தாலிங்கத்துக்குப் பெண் அமையவில்லை. பையனிடம் ஒரு குறையும் இல்லை. குறை முழுவதும் அடுப்படியில் இருந்தது. போன தடவை வீடு பார்க்க வந்த பெண்ணின் அம்மா ஸ்டீல் அடுப்பின் மேல் கை வைத்தார். வைத்த கை ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. காபிகூடக் குடிக்காமல் கிளம்பிப் போய்விட்டார்கள். பாவம், அவர்கள் விட்டுப்போன காபியை எல்லாம் குத்தாலிங்கமே குடித்துக்கொண்டு அழுதான்.

இந்த முறை பெண் வீட்டார் கடையநல்லூர்க்காரர்கள். அவர்களை அழைத்துவர ஆவுடையப்பனின் மனைவி உலகம்மாளே போயிருந்தாள். வருகிறவர்களுக்கு வடை சுட்டுக் கொடுக்க உளுந்த மாவு அரைத்து பிரிட்ஜில் வைத்துவிட்டுத்தான் போனாள். அங்கே போய் இறங்கியதும் அடுப்படி ஞாபகம் வந்து வீட்டுக்குப் போன் போட்டாள்.

“இங்கேருங்க, அடுப்பு, சிம்னி, பிரிட்ஜு எல்லாத்தையும் நாங்க வாறதுக்குள்ள துடைச்சு வையுங்க. வெந்நீர்ல சோப்பப் போட்டு, நல்லா மெத்துன்னு இருக்குத துணியால துடைக்கணும். ஸ்டீல்ல கோடு கோடா ஓடும் பாருங்க, அந்தப் போக்குலயே துடைக்கணும். உப்புப் படக் கூடாது. எல்லாம் முடிஞ்சதும் கடைசியா லேசா எண்ணெய் படணும், அப்பதான் பளபளன்னு இருக்கும். மாத்திச் செஞ்சு இந்தச் சம்பந்தத்தையும் கெடுத்துராதீங்க.”

“சொன்னதச் சொன்னபடியே செய்யுதோம்” என்றார் ஆவுடையப்பன். சொன்ன சொல்லை அவர் காப்பாற்றினார். அதுதான் வினையாகப் போயிற்று.

முதலில் மெத்தென்ற துணி. வீட்டில் இருந்த துணியை எல்லாம் கூடத்தில் குவித்து, குத்தாலிங்கத்தின் கன்னத்தில் ஒவ்வொன்றாகத் தேய்த்துப் பார்த்தார்கள். துண்டு சொரசொரத்தது. தலையணை உறை பரவாயில்லை. அன்றைக்குக் கட்டுவதற்கென்று வாங்கிய பட்டு வேட்டி பட்டதும் குத்தாலிங்கம் தன்னை மறந்து கண்ணை மூடினான்.

“இதுதாம்ல” என்றார் ஆவுடையப்பன்.

“அப்ப நான் எதக் கட்டுதது?”

“அவங்க அடுப்படியத்தான பாக்க வாறாங்க” என்று நெல்லையப்பன் சமாதானம் சொன்னான். குத்தாலிங்கத்துக்கும் அது சரியாகவே பட்டது. பழைய கைலியைக் கட்டிக்கொண்டான்.

அடுத்து கோடு. அடுப்பிலும் சிம்னியிலும் கோடுகள் இடமிருந்து வலமாக ஓடின. பிரிட்ஜில் மேலிருந்து கீழே ஓடின. மூன்று பேரும் வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்து யோசித்தார்கள்.

“ஒரே அடுப்படிக்குள்ள கோடு ரெண்டு பக்கம் ஓடுனா கை குழம்பிராதா அண்ணே?” என்றான் நெல்லையப்பன்.

“குழம்பத்தான் செய்யும். பிரிட்ஜப் படுக்கப் போட்டுட்டா எல்லாக் கோடும் ஒரே பக்கம் ஓடும்லா?”

படுக்கப் போட்டார்கள். கோடுகள் ஒரே பக்கம் ஓடின. கூடவே உள்ளேயிருந்த தயிரும் நேற்றைய சாம்பாரும் ஓடின. வடை மாவுச் சட்டி மட்டும் எப்படியோ பிழைத்தது. தயிரைத் துடைக்கப் போய், தரைக்கும் கோடு உண்டா என்று கொஞ்ச நேரம் தேடினார்கள்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். வெந்நீரும் சோப்பும் பட்டு வேட்டியுமாக அவர்கள் உயிரைக் கொடுத்துத் துடைத்ததில் அடுப்படி ஜொலித்தது. பிரிட்ஜையும் தூக்கி நிறுத்திவிட்டார்கள். இத்தோடு மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எனக்கும் இந்தக் கதையைச் சொல்லும் வேலை இருந்திருக்காது. எண்ணெய் பாக்கி இருந்ததே.

“காலையில இருந்து எண்ணெயத்தான எடுத்தோம். மறுபடி போடவா சொல்லுதாங்க மதினி?” என்றான் குத்தாலிங்கம்.

“பழைய எண்ணெய எடுத்துட்டுப் புது எண்ணெய் விடணும்ல. வண்டிக்கு விடுதோம்லா, அத மாதிரி” என்றார் ஆவுடையப்பன்.

“கையால தடவிருவோமா?”

“கையால தடவுனா மறுபடி கோடு பாக்கணும். இதுக்கு முந்தி எண்ணெய் எப்படி ஏறுச்சு? வடை சுட்டுத்தான ஏறுச்சு? ஆவி லேசாப் படும். ஆவிக்குக் கோடுகீடு ஒண்ணும் கிடையாது.”

அண்ணனுடைய மூளையை நினைத்துத் தம்பிகளுக்குக் கண் கலங்கியது. எண்ணெயை வெளியே இழுத்துக்கொண்டு போய்விடும் என்று சிம்னியைப் போடாமல் விட்டார்கள். பிரிட்ஜுக்கு ஆவி எட்டாது என்று அதை அடுப்பை ஒட்டி நகர்த்தினார்கள். மாவில் உப்புப் போடப் போன நெல்லையப்பனின் கையை ஆவுடையப்பன் எட்டிப் பிடித்தார்.

“உப்புப் படக் கூடாதுன்னு சொன்னால்லா?”

மாவு தீரும்வரை சுட்டார்கள். புகை கலைந்தபோது ஸ்டீலில் எண்ணெய் முத்து முத்தாக நின்றது. வாசலில் வேன் வந்து நின்றது.

முதலில் உள்ளே வந்த உலகம்மாள் அடுப்படியைப் பார்த்தாள். பிறகு கைலியில் நின்ற கொழுந்தனைப் பார்த்தாள். பிறகு அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். பெண்ணின் அப்பா சங்கரபாண்டியன் பிரிட்ஜ் கதவில் கை வைத்தார். கை வழுக்கிக் கீழே போயிற்று. இதுவும் போயிற்று என்றே குத்தாலிங்கம் முடிவு கட்டிவிட்டான்.

சங்கரபாண்டியன் ஒரு வடையை எடுத்துக் கடித்தார்.

“உப்பு இல்லையே.”

“ஸ்டீலுக்கு ஆகாது” என்ற ஆவுடையப்பன், துணியிலிருந்து ஆவி வரைக்கும் எல்லாவற்றையும் விளக்கினார். சங்கரபாண்டியன் மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகத்தில் மரியாதை கூடிக்கொண்டே போயிற்று.

பெண் மாரிச்செல்வி பிரிட்ஜைச் சுற்றிவந்து பார்த்தாள். “வெளிய மட்டும் பட்டாப் போதுமா? கதவத் திறந்து வச்சுச் சுடலியா?” என்று மெல்லக் கேட்டாள்.

இப்படி ஒரு அறிவா என்று குத்தாலிங்கம் சொக்கிப்போனான். கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று அங்கேயே தீர்மானித்தான்.

“எங்களுக்குப் பரம திருப்தி” என்றார் சங்கரபாண்டியன். “ஆனா ஒரு சங்கடம். சீருக்குன்னு ஒரு ஸ்டீல் பிரிட்ஜு வாங்கி வச்சிருக்கோம். புதுசு. பொட்டு எண்ணெய் கிடையாது. அப்படியே கொண்டுவந்து இங்க நிறுத்துனா நாளப்பின்ன எம்பொண்ணுக்குத்தான் பேச்சு.”

“அதெல்லாம் நாங்க பெருசு படுத்த மாட்டோம் சம்பந்தி.”

“இல்ல, முறைன்னு ஒண்ணு இருக்குல்லா? முகூர்த்தத்துக்குள்ள அதப் பக்கத்துல வச்சு வடை சுட்டே அனுப்புதோம். உப்பில்லாம.”

ஆவுடையப்பன் கொஞ்சம் யோசித்தார்.

“அட்டைப் பெட்டியப் பிரிச்சுட்டுச் சுடுங்க. இல்லன்னா பெட்டிதான் பளபளன்னு இருக்கும்.”